எத்தன் என்பவன் யார்?

கேள்வி இது: ‘எத்தன்’ என்ற சொல்லுக்கு அகராதிகள் ‘ஏமாற்றுபவன்’ என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லி முடித்துவிடுகின்றன. பலரிடம் பணம் பறித்தவனைச் செய்தித்தாள் ‘எத்தன்’ என்கிறது. பள்ளிக்கு நோட்டு வாங்க வேண்டும் என்று காசு பெற்றுக்கொண்டு ஐஸ் வாங்கித் தின்ற பேரனையும் பாட்டி ‘சரியான எத்தன்டா நீ’ என்று சிரித்தபடி சொல்கிறாள். ‘எத்தனுக்கு எத்தன்’ என்று சொல்லும்போதோ குரலில் ஒரு மெச்சுதலே தெரிகிறது. அப்படியானால் இது வசையா, பாராட்டா? கெட்டிக்காரன், கில்லாடி, வஞ்சகன் ஆகிய சொற்கள் வருமிடங்களில் இதை மாற்றி எழுதலாமா?

மாற்றி எழுதக் கூடாது என்பது என் பதில். எத்தன் என்பது ஒருவனுடைய அறிவின் அளவைச் சொல்லும் சொல்லன்று. அவன் இன்னொருவருக்குச் செய்த ஒரு செயலைச் சொல்லும் சொல். அந்தச் செயலில், நம்பியவர் தம் கையாலேயே பொருளை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வசை, பாராட்டு, கொஞ்சல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்குகின்றன என்பது விளங்கிவிடும்.

முதலில் சொல்லின் அமைப்பைப் பார்ப்போம். எத்து என்பது வினைப்பகுதி. எத்துதல் என்றால் ஏமாற்றுதல். ‘எத்திப் பிழைக்கிறான்’, ‘எத்திப் பறித்துவிட்டான்’ என்ற தொடர்களை முதியவர்களின் பேச்சில் கேட்டிருப்பீர்கள். அதிலிருந்து பிறந்த ஆண்பாற் பெயர் எத்தன், பலர்பால் எத்தர். எத்துவாளி என்றொரு வடிவமும் உண்டு. ஓசை ஒத்திருப்பதால் இதனோடு குழம்பக்கூடிய சில சொற்களை இங்கேயே விலக்கிவிடுவது நல்லது. ‘பந்தை ஓங்கி எத்தினான்’ என்பதில் வரும் எத்துதல், உதைத்தலைக் குறிக்கும் எற்றுதல் என்பதன் பேச்சு வடிவம். காற்று என்பது காத்து ஆனதைப் போன்றது. எத்துப்பல் என்பதில் உள்ள எத்து, முன்னே துருத்திக்கொண்டிருப்பதைக் குறிக்கிறது. ‘தப்பிக்க எத்தனித்தான்’ என்பதில் உள்ள எத்தனம், முயற்சி என்று பொருள்படும் ‘யத்ன’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். முயன்றவன் எத்தன் ஆகமாட்டான். எத்தன் என்ற பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘எத்தனை’ என்றாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘எத்தனை நம்பினாய்’ என்று எழுதினால் எவ்வளவு நம்பினாய் என்றும் படிக்கலாம், ஓர் ஏமாற்றுக்காரனை நம்பினாய் என்றும் படிக்கலாம். சிலேடை பாட விரும்புகிறவருக்கு இது வரம். உரைநடை எழுதுகிறவருக்குத் தொல்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். பேருந்து நெரிசலில் சட்டைப்பையை வெட்டிப் பணத்தை எடுப்பவனை ஜேப்படித் திருடன் என்கிறோம், எத்தன் என்பதில்லை. அவனுக்குத் தேவைப்படுவது நம் கவனக்குறைவு மட்டுமே. நமக்கு அவன் முகம்கூடத் தெரியாது. நண்பகலில் வீட்டு வாசலில் வந்து நின்று, நகைக்கு மெருகு போட்டுத் தருகிறேன் என்று இனிக்கப் பேசி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தரச்சொல்லிக் கொண்டுபோகிறவன் எத்தன். சங்கிலியைக் கழற்றியது அவன் கையன்று, வீட்டுக்காரியின் கை. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று தொலைபேசியில் அழைப்பவனிடம் ஓடிபி எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவதும் நாமே. திருடன் நாம் பார்க்காதபோது எடுக்கிறான். எத்தன் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம்மைக் கொடுக்க வைக்கிறான். ஏமாந்தவருக்குப் பொருள் போன வருத்தத்தைவிட, தானே கொடுத்தோமே என்ற வெட்கம் பெரிதாக இருப்பதும் இதனால்தான். திருட்டுக் கொடுத்தவர் ஊரைக் கூட்டுவார். எத்தப்பட்டவர் பெரும்பாலும் வாயைத் திறக்கமாட்டார்.

சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 415ஆம் பிரிவு ஏமாற்றுதல் என்பதை வரையறுத்தது; ஏமாற்றி, ஒருவரைப் பொருளை ஒப்படைக்கும்படி தூண்டுகிறவருக்கு 420ஆம் பிரிவு தண்டனை விதித்தது. ஒப்படைத்தல் என்பதுதான் அங்கே உயிரான சொல். அந்த எண் மக்கள் வாயில் எத்தனுக்கு மறுபெயராகவே ஆகி, ‘அவன் ஒரு ஃபோர்ட்வென்டி’ என்று ஆங்கிலம் அறியாதவரும் சொல்லும் அளவுக்குப் பரவிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததில் ஏமாற்றுதல் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. மக்கள் மட்டும் இன்னும் 420ஐ விடவில்லை. ‘அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டு’ என்று யாரும் திட்டப்போவதாகத் தோன்றவில்லை.

எத்தன் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மாட்டுச் சந்தைக்குக் கறவை மாட்டை ஓட்டிவருகிறவன், முந்தின வேளைப் பாலைக் கறக்காமல் விட்டு, மடி புடைத்திருக்கும்படி செய்து நிறுத்தியிருப்பான். ‘எத்தனை லிட்டர் கறக்கும்?’ என்று கேட்டால், ‘மடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பான். அவன் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. மடிதான் பொய் சொல்கிறது. ஏய்த்தல் என்ற வினையையும் இங்கே கருதிப் பார்க்கலாம். இன்று ஏய்ப்பு என்றால் ஏமாற்று. வரி ஏய்ப்பு என்று நாள்தோறும் எழுதுகிறோம். தொல்காப்பிய உவமவியலோ ‘அன்ன ஏய்ப்ப உறழ ஒப்ப’ என்று, ஏய்ப்ப என்பதை உவம உருபுகளில் ஒன்றாக எண்ணுகிறது. அங்கே அதன் பொருள் ‘போல’ என்பதே. இல்லாததை இருப்பது போலக் காட்டுவதே ஏமாற்றின் உயிர் என்று நினைத்தால், போலி என்ற சொல் ‘போல்’ என்பதிலிருந்து பிறந்ததும் வியப்பாகத் தோன்றாது.

பாட்டி பேரனைக் கொஞ்சிய கணக்கு இன்னும் தீரவில்லை. அதற்குத் திருவாசகத்துக்குப் போக வேண்டும். சென்னிப்பத்தில் மாணிக்கவாசகர் சிவபெருமானைப் பற்றிப் பாடுகிறார்:

‘எத்தனாகி வந்து இல்புகுந்து எமை
ஆளுங்கொண்டு எம்பணி கொள்வான்’

எத்தனைப் போல வந்தான், வீட்டுக்குள் நுழைந்தான், எங்களை ஆளாக்கிக்கொண்டான், எங்களிடம் வேலையும் வாங்குகிறான் என்பது நேரான பொருள். இல் என்பதை உள்ளம் என்றும் கொள்ளலாம். சம்பந்தர் ‘என் உள்ளம் கவர் கள்வன்’ என்று பாடியதையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கள்வன் கவர்ந்துகொண்டு போகிறான். எத்தன் உள்ளே வந்து உட்கார்ந்து, வீட்டுக்காரனையே பணியாளாக்கிவிடுகிறான். முன்னதில் உள்ளம் பறிபோயிற்று. பின்னதில் நாமே அதைக் கொடுத்துவிட்டோம். இரண்டு புலவர்களும் இந்த வேறுபாட்டைத் திட்டமிட்டு வைத்தார்கள் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் இரு சொற்களும் தத்தம் இடத்தில் பொருந்தி உட்கார்ந்திருப்பதைக் காண முடிகிறது.

மாணிக்கவாசகருக்கு இந்தச் சொல் தற்செயலாக வந்து வாய்த்ததன்று என்று நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. அவரைப் பற்றி வழங்கும் கதையே ஓர் எத்தின் கதைதான். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளை, அமைச்சரான வாதவூரர் (மாணிக்கவாசகரின் முந்தைய பெயர்) திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிடுகிறார். அரசன் கேட்கும்போது, சிவபெருமானே குதிரை வாணிகனாக வேடம் பூண்டு, காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்து, கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இரவில் பரிகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற்புராணத்தில் இதை விரித்துப் பாடியிருக்கிறார். திருவாசகத்திலேயே ‘நரியைக் குதிரைப் பரியாக்கி’ என்ற தொடர் வருகிறது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்த லீலையை நடத்திக் காட்டுகிறார்கள். சந்தை வழக்கில் கயிறு கைமாறினால் விற்பனை முடிந்தது. பாண்டியன் கண்ணெதிரே பார்த்து, மகிழ்ந்து, தானே கயிற்றை வாங்கிக்கொண்டான். மேலே சொன்ன மாட்டுக்காரனின் புடைத்த மடியும் இந்த நரிப்பரியும் ஒரே இனம்தான். சரக்கு மட்டும் வேறு.

அரசன் பார்வையில் அது மோசடி. அடியவர் பார்வையில் அது அருள். எத்தன் என்ற சொல் இரண்டு பக்கமும் சாயக்கூடியதாக இருப்பது இதனால்தான். செயல் ஒன்றே; யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பது மாறினால் குரல் மாறுகிறது. திருவெம்பாவையின் மூன்றாம் பாடலில் இந்த இரட்டைத்தன்மை இன்னும் நுட்பமாக வெளிப்படுகிறது. மார்கழி விடியலில் தோழியை எழுப்ப வந்த பெண்களுக்கும் உள்ளே இருப்பவளுக்கும் நடக்கும் உரையாடலில் ‘எத்தோ நின் அன்புடைமை’ என்று ஒரு வரி வருகிறது. எத்தோ என்பதை ‘எத்தன்மையதோ’ என்றும் கொள்ளலாம். ‘ஏமாற்றோ’ என்றும் கொள்ளலாம். உரைகளில் இரு வழியும் உண்டு. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். என் அத்தன், ஆனந்தன், அமுதன் என்று இறைவனைப் பற்றி வாய் இனிக்கப் பேசிவிட்டு இன்று கதவைத் திறக்காதவளைப் பார்த்து, ‘உன் அன்பெல்லாம் எத்துதானோ?’ என்று தோழிகள் கேட்பதில் உள்ள உரிமையும் கிண்டலும் ‘எத்தகையதோ’ என்ற வறட்டுப் பொருளில் கிடைக்கமாட்டா.

பாட்டியின் ‘எத்தன்டா நீ’ இந்த வரிசையில்தான் வருகிறது. பேரன் சொன்ன நோட்டுக் கதையைப் பாட்டி நம்பவில்லை. நம்பியதுபோல இருந்து காசைக் கொடுத்தாள். ஏமாந்தவர் தெரிந்தே ஏமாந்த இடத்தில் எத்தன் என்பது செல்லப்பெயராகிவிடுகிறது. அதே சொல்லை, உண்மையில் ஏமாந்துபோன மாமனார் மருமகனைப் பார்த்துச் சொன்னால் உறவே முறிந்துபோகும்.

பக்தி இலக்கியம் முழுவதிலும் இந்தப் போக்கு உண்டு என்றாலும், எல்லாச் சொல்லும் எத்தன் என்பதைப் போல எளிதில் இளகுவதில்லை. நம்மாழ்வார், ‘செஞ்சொற் கவிகாள்! உயிர்காத்து ஆட்செய்ம்மின்’ என்று மற்றக் கவிஞர்களை எச்சரித்துவிட்டு, திருமாலை ‘வஞ்சக் கள்வன் மாமாயன்’ என்று மூன்று வசைகளை அடுக்கி அழைக்கிறார். கவி பாடவந்தவனுடைய நெஞ்சையும் உயிரையும் அவனுக்கே தெரியாமல் உண்டுவிட்டான் என்பது அவருடைய குற்றச்சாட்டு. கேட்கிறவருக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் ‘வஞ்சகன்’ என்ற சொல்லை அந்தப் பாசுரத்துக்கு வெளியே எடுத்துக்கொண்டு போய், வீட்டில் பிள்ளையைக் கொஞ்சப் பயன்படுத்திப் பாருங்கள், முடியாது.

முடியாததற்குக் காரணம் வஞ்சம் என்ற சொல்லுக்குள் இருக்கும் பகை. வஞ்சம் வைத்தல், வஞ்சம் தீர்த்தல் என்ற வழக்குகளைக் கவனியுங்கள். நெடுநாள் உள்ளே காத்துவைத்த கோபம் அது. எத்தனுக்கு உங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. உங்களிடம் இருக்கும் பொருள்தான் அவனுக்கு வேண்டும்; அது கிடைத்தால் நீங்கள் நன்றாக வாழ்வதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. வஞ்சகனுக்கு வேண்டியது உங்கள் அழிவு. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு அரண்மனைக்குள் புகுகிறான். சேக்கிழார் அவனை ‘மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து’ என்று பாடுகிறார். விளக்கின் வெளிச்சத்துக்குள்ளேயே கரி இருக்கிறது என்ற அந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. வேடம் பூண்டு இல்புகுந்தவன்தான் அவனும். ஆயினும் அவனை எத்தன் என்று சொன்னால் குற்றத்தின் கனம் குறைந்துவிடும்; அவன் வஞ்சகன். ‘தொழுதகை உள்ளும் படையொடுங்கும்’ என்று திருக்குறள் கூடாநட்பு அதிகாரத்தில் எச்சரிப்பது இத்தகையவனைத்தான். ஒருவன் முதியவரை ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்கினான் என்றால் எத்தன் என்று எழுதலாம். எழுதி வாங்கிய பிறகு அவரைப் பட்டினி போட்டுக் கொன்றான் என்றால் எத்தன் என்ற சொல் போதாது.

சூழ்ச்சிக்காரன், தந்திரக்காரன் ஆகியோரின் கதை வேறு. இந்தச் சொற்கள் பிறக்கும்போது எந்தக் கறையும் இல்லாமல் பிறந்தவை. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறது குறள். அங்கே சூழ்ச்சி என்றால் ஆராய்ச்சி, கலந்தாலோசனை. அரசனுக்குக் கண்ணாக இருக்கும் அமைச்சரையும் ‘சூழ்வார்’ என்றே வள்ளுவர் குறிப்பிடுகிறார். இன்று ஓர் அமைச்சரைச் சூழ்ச்சிக்காரர் என்று எழுதினால் மறுநாள் வழக்கறிஞர் அறிவிப்பு வரும். தந்திரம் என்பது நூலையும் முறையையும் குறித்த சொல். திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றுதான் பெயர். விரகு என்பது உபாயம், திறமை என்ற பொருளில் வழங்கியது. சம்பந்தர் தம்மைத் ‘தமிழ்விரகன்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். அதே விரகன் என்ற சொல் பிற்காலத்தில் தந்திரசாலி, காமுகன் என்றெல்லாம் இறங்கிவிட்டது. ஆலோசனை செய்கிறவன், முறை அறிந்தவன், திறமையாளன் ஆகிய மூவருமே காலப்போக்கில் சந்தேகத்துக்கு உரியவர்களாகிவிட்டார்கள். அதிகம் யோசிப்பவன் நமக்கு எதிராகத்தான் யோசிக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது போலும். எத்தன் இந்த வழியில் வரவில்லை. அது பிறக்கும்போதே ஏமாற்றுதலோடு பிறந்தது. எனவே இழிய வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை. அதில் தென்படும் பாராட்டு, சொல்லின் பொருளிலிருந்து வருவதன்று. சொல்கிறவர் தரும் தொனியிலிருந்து மட்டுமே வருகிறது.

கெட்டிக்காரன் என்பதோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கெட்டி என்றால் உறுதி, திண்மை, கெட்டிக்காரன் திறமையுள்ளவன். இலங்கைத் தமிழில் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கெட்டிக்காரன், கெட்டிக்காரி என்பது முழுப் பாராட்டு. மறைமுகக் குத்தல் எதுவும் அதில் இல்லை. தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் அப்படியே என்றாலும், ‘கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு’ என்ற பழமொழி அந்தச் சொல்லின் ஓரத்தில் கொஞ்சம் அழுக்கை ஒட்டவைத்திருக்கிறது. கில்லாடி என்பது, ஆட்டக்காரன் என்று பொருள்படும் ‘கிலாடி’ என்ற வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஆட்டத்தின் குதூகலம் இன்னும் அதில் இருக்கிறது. கணக்கில் கில்லாடி, சமையலில் கில்லாடி என்று ஏழாம் வேற்றுமையோடு சேர்த்துச் சொல்ல முடியும். ‘கணக்கில் எத்தன்’ என்று சொன்னால் கணக்கு நன்றாகப் போடுகிறான் என்று பொருளாகாது. கணக்கில் கை வைத்துவிட்டான் என்றே பொருளாகும். இரண்டு சொற்களையும் மாற்றி எழுதலாமா என்று ஐயம் வரும்போது இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள்.

கலித்தொகையில் கபிலர் பாடிய ‘சுடர்த்தொடீஇ கேளாய்’ என்ற பாடல், இந்தப் பேச்சில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். தண்ணீர் கேட்டு வந்த இளைஞன், நீர் கொண்டுவந்த பெண்ணின் வளைக்கையைப் பற்றிவிடுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடிவருகிறாள். அந்த நொடியில் அவள், இவன் தண்ணீர் குடிக்கும்போது விக்கினான் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் கொல்வதுபோல் பார்த்து நகைக்கிறான். பாடலில் ‘கள்வன் மகன்’ என்ற பட்டம் அவனுக்குக் கிடைக்கிறது. ஆனால் தாயை நம்பவைத்து, அவள் கையாலேயே அவன் முதுகைத் தடவவைத்தது யார்? இலக்கணப்படி பார்த்தால் அந்தப் பாட்டில் எத்தியவள் அவள்தான்.

பெண்ணைக் குறிக்க இச்சொல்லுக்குப் பேச்சுவழக்கில் ஊன்றிய வடிவம் இல்லை. கைகாரி, சூழ்ச்சிக்காரி, நீலி என்ற சொற்களே வழங்குகின்றன. இவற்றில் நீலி கொடிய சொல். பழையனூர் நீலியின் கதை அதன் பின்னால் நிற்கிறது: பழிவாங்கக் காத்திருந்த பேய், வணிகன் ஒருவனின் மனைவியாக வடிவெடுத்து, கையில் குழந்தையோடு ஊர்ச் சபையின் முன் அழுது, அவனைத் தன்னோடு அனுப்பவைத்துக் கொன்றது, அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்து உயிர் விட்டனர். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் ‘வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்’ என்று பாடுவதால், ஏழாம் நூற்றாண்டிலேயே கதை ஊரறிந்ததாக இருந்திருக்கிறது. நீலிக்கண்ணீர் என்ற தொடர் அதன் மிச்சம். ஆண் ஏமாற்றினால் எத்தன் என்று அரைச் சிரிப்போடு சொல்லும் மொழி, பெண் ஏமாற்றினால் பேயின் பெயரைச் சூட்டுகிறது. இது சொல்லின் குற்றமன்று, சொல்கிறவர்களின் குற்றம். எழுதும்போது நினைவில் வைத்திருக்க வேண்டிய ஏற்றத்தாழ்வு.

‘எத்தனுக்கு எத்தன்’ என்ற தொடரைத் தனியாகப் பார்க்க வேண்டும். ‘வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு’ என்ற பழமொழியில் உள்ள அதே அமைப்புத்தான் இதிலும் உள்ளது. இங்கே வரும் நான்காம் வேற்றுமை கொடைப்பொருளைத் தருவதன்று. ஒருவனை மிஞ்சி நிற்பவன் என்ற பொருளைத் தருகிறது. எத்தனையே எத்தியவன் என்று விரித்துப் பொருள் கொள்ள வேண்டும். எனவே, வெறுமனே பெரிய ஏமாற்றுக்காரன் என்ற பொருளில் இதை எழுதுவது பிழை. பத்து அப்பாவிகளை ஏமாற்றியவன் எத்தனுக்கு எத்தன் ஆகமாட்டான். ஓர் எத்தனாவது அவனிடம் ஏமாந்திருக்க வேண்டும். இத்தொடரில் மெச்சுதல் தொனிப்பதற்கும் இதுவே காரணம்: ஏமாந்தவன் பரிதாபத்துக்கு உரியவன் அல்லன் என்பதால் நமக்குச் சிரிக்க உரிமை கிடைத்துவிடுகிறது. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலைபோகும் என்ற கதையைத் தமிழ்நாட்டில் பலமுறை கேட்டிருக்கிறோம். கோயில் கலசத்தைக் கள்ளத்தனமாக வாங்கி விற்க முன்வந்தவர் பணத்தை இழக்கும்போது, ஊர் அவருக்காக அழுவதில்லை.

வட்டார வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் தந்திரமான ஆளைச் சுழியன் என்பார்கள். ஏமாற்று வேலை அங்கே சுத்துமாத்து. ‘என்னைப் பேய்க்காட்டாதே’ என்றால் என்னை முட்டாளாக்காதே என்று பொருள். சென்னையில் டகால்டி, டுபாக்கூர் என்ற சொற்கள் உண்டு. டுபாக்கூர் ஆளையும் குறிக்கும், போலிச் சரக்கையும் குறிக்கும். அல்வா கொடுத்தல், நாமம் போடுதல், காது குத்துதல், மொட்டையடித்தல், தலையில் மிளகாய் அரைத்தல் என்று ஏமாற்றுவதற்குத் தமிழில் இருக்கும் வினைத்தொடர்களைக் கவனித்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஏமாறுகிறவர் அசையாமல் உட்கார்ந்து ஒத்துழைக்க வேண்டியவை என்பது தெரியும். காதைக் காட்டாமல் யாராலும் குத்த முடியாது. எத்தன் என்ற சொல்லுக்குள் இருக்கும் கருத்து இந்தத் தொடர்களிலும் இருக்கிறது.

இனி, எழுத்தில் இச்சொல்லை எப்படிக் கையாள்வது என்பது: செய்தி நடையில் ‘எத்தன்’ என்பது தீர்ப்பு வருவதற்கு முன்பே குற்றத்தை உறுதிசெய்துவிடும் சொல், ‘மோசடிப் புகாருக்கு உள்ளானவர்’ என்று எழுதுவதே முறை. கதையில் உரையாடலுக்குள் தாராளமாக வரலாம். ஆனால் சொல்கிறவர் யார், ஏமாந்தது யார் என்ற இரண்டும் வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தொனி இரண்டு பக்கமும் ஆடும். வேறு மொழியிலிருந்து பெயர்க்கும்போது, வெறும் புத்திக்கூர்மையைச் சொல்லும் இடத்தில் சாமர்த்தியசாலி என்றும், பகையோடு கூடிய கபடத்தைச் சொல்லும் இடத்தில் வஞ்சகன் என்றும், பலர் கூடித் திட்டமிட்டதைச் சொல்லும் இடத்தில் சூழ்ச்சிக்காரர் என்றும் எழுதுங்கள். ஒருவன் சிரித்துப் பேசி, எதிரே இருப்பவரே மடிப்பையை அவிழ்த்து எண்ணிக் கொடுக்கும்படி செய்திருந்தால் மட்டும் எத்தன் என்று எழுதுங்கள். அந்தப் பெயரை இரண்டாம் வேற்றுமையில் எழுத நேர்ந்தால், எண்ணிக்கை கேட்பதாக வாசகர் மயங்காதபடி ‘அந்த எத்தனை’ என்று ஒரு சுட்டுச் சொல்லை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.